நிலாக் கடிகாரத்தோடு பண்டார் பாருவுக்கு

பாடாங் மேஹா தோட்டத்தை விட்டு நான் வெளியூர் போனது அதுவரை இரண்டே தடவை. இரண்டும் லூனாஸுக்கு. ஒன்று கல்யாணச் சேலை எடுக்க, இன்னொன்று பல் பிடுங்க. லூனாஸுக்கு அப்பால் எதுவானாலும் எனக்கு வெளிநாடுதான். அப்படிப்பட்ட நான், ஜப்பான்காரன் ஆண்ட இரண்டாவது வருஷம், ஏழடிக்கு மேல் உயரமுள்ள ஒரு வெள்ளைக்காரக் கடிகாரத்தை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக்கொண்டு பண்டார் பாரு வரை போய் வந்தேன். என் பெயர் அஞ்சலை. அப்போது துரை பங்களாவில் ஆயா வேலை எனக்கு.

கடிகாரம் துரையுடையது. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. கீழே நீளமான மரப்பெட்டி, அதன் தலையில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் கடிகாரத்தின் முகம். முகத்துக்கு மேலே அரைவட்டமாக ஒரு சின்ன வானம் வரைந்திருக்கும். கண்ணும் மூக்கும் வைத்த நிலா ஒன்று அந்த வானத்தில் நாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, வளர்ந்து, தேய்ந்து, மறையும். எட்டு நாளுக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பினாங்கிலிருந்து ஆள் வந்து கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவார். பக்கத்தில் விளக்குப் பிடித்து நிற்பது என் வேலை. பெட்டிக்குள் தொங்குகிற இரண்டு ஈயக் குண்டுகளையும் பெண்டுலத்தையும் எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, நின்றுபோனால் நிலாவை எப்படி விரலால் தள்ளிச் சரிபண்ணுவது எல்லாம் பார்த்துப் பார்த்தே எனக்கு வந்துவிட்டது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே துரை போய்விட்டார். அப்புறம் ஒரு ஜப்பான் ஆபீசர் ஆறு மாதம் பங்களாவில் இருந்தார். அவரை 'தைச்சோ', அதாவது தலைவர், என்று கூப்பிட வேண்டும். வந்த முதல் வாரமே முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னார். இனிமேல் டோக்கியோ நேரம்தான் நேரமாம். தள்ளினேன்.

"நிலாவையும் தள்ளணுமா துவான்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் நிலாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று முதல் சாயங்காலமானால் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மாற்றலாகிப் போகும்போது கையோடு எடுத்துப் போகப் பார்த்தார். ரப்பர் ஏற்றிய லாரியில் இடம் இல்லாததால் விட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதங்கள் ஆன சமயம் அது. காலையிலும் மரவள்ளி, ராத்திரியிலும் மரவள்ளி. எனக்கு வயிறு ஊதிக் கால் வீங்கியதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரியான் ஆற்றுப் பக்கம் அரிசி தேடிப் போனார். அங்கே நெல் விளைகிறது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேராக் அரிசியை இந்தப் பக்கத்து எங்கள் கெடாவுக்குக் கொண்டுவருவது குற்றம். ஆற்றைத் தாண்டி பண்டார் பாருவில் ஏறியதும் பிடித்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கடுதாசி வந்தது. தமிழில், அழகான கையெழுத்தில். கீழே சிவப்பு முத்திரை. 'உன் கணவர் இங்கே காவலில் இருக்கிறார். அடுத்த வண்டியில் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்படுவார். தைச்சோ நிலாக் கடிகாரத்தை விரும்புகிறார். அதைக் கொண்டுவந்தால் கணவரை அழைத்துப் போகலாம்.' நம்ம தைச்சோ பண்டார் பாருவில்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சயாம் என்றால் என்னவென்று எங்கள் லயத்து வீடுகளில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். போனவர்கள் யாரிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தடுத்தார். "அது துரை சாமான். லிஸ்ட்ல இருக்கு. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?"

"அஞ்சலை எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க ஐயா."

"உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"உரிமை உள்ளவங்க யாராச்சும் இங்க இருக்காங்களா? இருந்தா காட்டுங்க, கேட்டுட்டுப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் நான்கு பேர் பெட்டியைத் தூக்கிச் சடையன் அண்ணன் வண்டியில் வைத்தார்கள். குண்டுகளையும் பெண்டுலத்தையும் தனித்தனியாகக் கோணியில் சுற்றினேன். முகமும் சக்கரங்களும் உள்ள பாகத்தை ஒரு பிரம்புக் கூடையில், காய்ந்த லாலான் புல்லுக்கு நடுவே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முழுக்க எங்களுக்கு மரியாதைதான். பாய் போர்த்திய நீளப்பெட்டியைப் பார்த்தால் சவப்பெட்டி மாதிரியே இருந்தது. ஒரு சீனக் கிழவர் சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். எதிரே வந்த மலாய்க்காரர் இருவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். கீரை பறித்துக்கொண்டிருந்த நம்ம ஆள் ஒருத்தி ஓடிவந்தாள்.

"யாருண்ணே தவறிட்டது?"

"துரையோட கடிகாரம்மா," என்றார் சடையன் அண்ணன்.

அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும். "ஐயோ, துரையா? என்னா வயசு இருக்கும்?"

"நூத்தம்பதுக்கு மேலன்னு சொல்றாங்க."

அவள் வாயில் கைவைத்தபடி நின்றுவிட்டாள். வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் அண்ணன் சிரித்த சிரிப்பில் மாடுகள் நடையை மாற்றின. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்கு அழவும் இல்லை.

சாயங்காலம் லூனாஸ். கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. யூசுப் பாய் சாப்பாட்டுக் கடை மட்டும் திறந்திருந்தது. முன்பு அங்கே பரோட்டா வாசனை தெருமுனை வரை வரும். இப்போது மரவள்ளிப் புட்டும், கருவாட்டுத் துண்டு ஒன்றிரண்டு மிதக்கும் குழம்பும்தான். காப்பி என்று ஒரு கறுப்புத் தண்ணீர் வந்தது. எதை வறுத்தது என்று கேட்டேன். "கேக்காதேம்மா, சும்மா குடி லா," என்றார் பாய். பசிக்கு அமிர்தமாக இருந்தது.

பாயின் சம்சாரம் பாத்திமா மலாய்க்காரி. குண்டான, சத்தமான பெண். நான் எங்கே போகிறேன் என்பதைப் பாய் சொல்லக் கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் மலாயில்தான்.

"கடிகாரத்தைக் கொடுத்துவிடுவாய். அப்புறம்?"

"அப்புறம் புருஷனைக் கூட்டிக்கொண்டு வருவேன்."

"அவன் தராவிட்டால்?"

அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் வழியெல்லாம் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நின்றால் உன்னை யார் மதிப்பான்?" என்றாள் பாத்திமா. "அதில் எது இல்லாவிட்டால் ஓடாது?"

நான் கோணி மூட்டைகளைக் காட்டினேன். அவள் கணவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டுகள் இரண்டையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பின்கட்டுக்குப் போய்த் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் தள்ளினோம். பெண்டுலத்தை ஓலைப் பாய்க்குள் சுருட்டி உத்தரத்தில் செருகினாள். "அவனை வெளியே விட்ட பிறகு ஆள் அனுப்பு," என்றாள். பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையை வெட்ட வச்சிடுவீங்க," என்றார். ஆனால் எடுத்து வெளியே வைக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் கூலிம் நுழைகிற இடத்தில் காவல். முள்கம்பி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். எல்லாரும் இறங்கிக் குனிந்து கும்பிட்டுப் போக வேண்டும். அண்ணன் தலைப்பாகையைக் கழற்ற மறந்துவிட்டார். விழுந்த அறையில் தலைப்பாகை தானாகவே கழன்றது.

சிப்பாய் போர்த்தியிருந்த பாயை விலக்கிப் பெட்டியைத் தட்டினான். கூடையைக் காட்டினான். நான் திறக்கும் முன்பே துப்பாக்கி முனையால் புல்லைக் கிளறினான். நிலாவின் முகம் வெளியே வந்தது. அதன் பெரிய கண்கள் அவனையே பார்த்தன. ஒரு கணம் பின்வாங்கி, அப்புறம் வெட்கப்பட்டு, இன்னொருவனைக் கூப்பிட்டு இருவரும் சிரித்தார்கள். ஒருவன் அதன் மூக்கில் முனையை வைத்தான்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. ரவிக்கைக்குள்ளிருந்து கடுதாசியை எடுத்து, சிவப்பு முத்திரை தெரியும்படி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "தைச்சோ! இது தைச்சோ சாமான்!"

சிப்பாய் நிமிர்ந்தான். குதிகாலைச் சேர்த்தான். முத்திரையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான். முத்திரை என் கையில்தானே இருந்தது? அதனால் எனக்கும்தான் என்று எடுத்துக்கொண்டேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, இதை முன்னாடியே எடுத்திருந்தா நான் ஒரு அறையை மிச்சம் புடிச்சிருப்பேன்."

கூலிம் பெரிய ஊர். எங்கள் தோட்டத்தில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பசாரில் கோணிச் சாக்கை ஓட்டை போட்டு மாட்டியிருந்த ஆட்கள் சர்க்கரைவள்ளிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு சீனத்தி இரண்டு கிழங்கைக் கூடையில் போட்டுவிட்டு, பெட்டியைக் காட்டித் தலையை ஆட்டினாள். அவளும் சாவு என்றுதான் நினைத்தாள். இந்தத் தடவை நான் திருத்தவில்லை. கிழங்கு சூடாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் வண்டி எங்களைக் கைவிட்டது. செர்டாங் போகும் வழியில், வெள்ளைக்காரன் ஓடும்போது உடைத்த பாலம் ஒன்று. அதன் மேல் பலகை போட்டு வைத்திருந்தார்கள். பாதியில் பலகை பிளந்து இடது சக்கரம் இறங்கிவிட்டது. மாடு ஒன்று முட்டி போட்டது. கீழே செம்மண் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. பெட்டி வழுக்கி, கால்பக்கம் ஆற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நான் போர்த்திய பாயோடு சேர்த்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"விடு தங்கச்சி, நீயும் போயிடுவே!"

"போனா போறேன். இதை விட்டா அவரு போயிடுவாரு."

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அவர்கள் கிராமத்திலிருந்து, ஆறேழு மலாய்க்காரர்கள் வந்தார்கள். நான்கு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். மற்றவர்கள் மாட்டை எழுப்பி வண்டியைத் தூக்கினார்கள். சக்கரத்தில் இரண்டு ஆரக்கால் போய்விட்டது. ஒருவர் மண்வெட்டிக் காம்பை அறுத்து அந்த இடத்தில் செருகித் தந்தார்.

அவர்களில் வயதானவர் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பவர். பெட்டியைப் பார்த்ததும் கண்டுகொண்டார். "எங்கள் பெரிய பள்ளிவாசலிலும் இப்படி ஒன்று உண்டு. ஆனால் அதில் நிலா கிடையாது." கூடையைத் திறந்து காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். "இது சரியாகச் சொல்லுமா?"

"ஓடினால் சொல்லும்."

"யாருக்குக் கொண்டுபோகிறாய்?"

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அவனுக்கு எதற்கு நிலா? அவன் நோன்பு பிடிக்கிறானா?" என்று முணுமுணுத்துவிட்டு, வாழையிலையில் கட்டிய அவல் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அவரும் அதைச் சும்மா கொடுக்கும் நிலையில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் மத்தியானம் பண்டார் பாரு. ஆற்றோரத்து ஊர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம் வந்து கண்ணை மறைக்கும். இங்கே ஆற்றுக்கு அக்கரையில் வானம் தரையைத் தொடும் வரை வயல். இவ்வளவு தூரம் ஒரே பார்வையில் பார்க்க முடியும் என்பதே எனக்குப் புதுசு. அவ்வளவு நெல் விளைகிற இடத்தில் ஒரு கோணி அரிசிக்காக மனுஷனைச் சயாமுக்கு அனுப்புகிறார்கள்.

தைச்சோ இருந்தது ஒரு பழைய அரசாங்க வீட்டில். அவர் பேச்சை மொழிபெயர்க்க சாமுவேல் என்று ஒரு தமிழர். முன்பு பள்ளிக்கூட ஆசிரியராம். கடுதாசி எழுதியதும் அவர்தான். தைச்சோ வெளியே வந்து பெட்டியை உள்ளங்கையால் தடவினார். அந்த நேரத்தில் அவர் முகம் நல்ல மனுஷன் முகமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

கூடத்தில் நிறுத்தி, முகத்தை ஏற்றி, கூண்டை மாட்டினேன். அவர் காது வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. பெட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கே என்று கேட்கிறார்," என்றார் சாமுவேல் சார்.

"பத்திரமான எடத்துல இருக்குன்னு சொல்லுங்க. எம் புருஷன் இங்கருந்து வெளிய போறத நான் கண்ணால பாக்கணும். அப்புறம் வரும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இதை இப்படியே சொல்லட்டுமா? யோசிச்சுக்கோ."

"அப்படியே சொல்லுங்க சார். ஒரு வார்த்தை குறைக்காதீங்க."

அவர் சொல்லி முடித்தாரோ இல்லையோ, நான் தரையில் கிடந்தேன். இடது காது ஒரு வாரம் கூவிக்கொண்டே இருந்தது. அப்புறம் முற்றத்து வெயிலில் முட்டி போடவைத்து, ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கை இறங்கும்போதெல்லாம் சிப்பாய் விலாவில் உதைத்தான். 'பெட்டிக்குள்தான் ஒன்றும் இல்லை, என் கையில் ஒன்றும் இல்லாமல் இல்லை' என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சயாமுக்குப் போகிறவர் கையில் இதைவிடப் பெரிய கல்தானே இருக்கும்?

வெயில் சாய்ந்தபோது என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். தாடி, காலில் புண், கண் மட்டும் அவருடையது. தைச்சோ ஏதோ சொல்ல, சாமுவேல் சார் எனக்குச் சொன்னார்: "உன் வீட்டுக்காரர் வண்டியில் போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு ஏழு நாளில் வரணும். நீ இங்கேயே இருக்கணும். வரலைன்னா சயாம் ரயிலில் உன்னை ஏத்துவாங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்து, லயத்தில் பேசுகிற மாதிரியே பேசினேன். "லூனாஸ் பாய் கடையில இருக்கு. அண்ணன்கிட்ட ஏத்தி விடுங்க. நீங்க வராதீங்க."

"என்னா பேசுற புள்ள? உன்னைய விட்டுட்டா?"

"நீங்க வந்தா உங்களத் திரும்ப விடுவானுங்கன்னு நம்புறீங்களா? நான் ஒருத்தி இருந்தா எப்படியாச்சும் வந்துருவேன். நீங்க அங்க போனா வரமாட்டீங்க. போங்க."

சாமுவேல் சார் பக்கத்தில்தான் நின்றார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டார். தைச்சோ அவர் பக்கம் திரும்பி என்ன பேசுகிறாள் என்கிற மாதிரி மோவாயை ஆட்டினார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். தைச்சோ தலையசைத்தார். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

என்னைச் சமையல்கட்டில் போட்டார்கள். அங்கே ஒரு ஹைலாம் சீனச் சமையல்காரர். முன்பு ஏதோ துரைக்குச் சமைத்தவர். ஒரு வருஷத்துக்கு அப்புறம் வெள்ளைச் சோறு வடித்தேன், மற்றவர்கள் தின்பதற்கு. சட்டியில் ஒட்டிய அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி என் முன்னால் தள்ளிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதைப்போல ருசி நான் அதற்கு அப்புறமும் கண்டதில்லை.

வீட்டுக்காரர் போன இரண்டாம் நாள் சாயங்காலம் காவல் அறையைத் திறந்து ஆட்களை வெளியே விட்டார்கள். ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டியிருந்தது. அக்கரையில் பாரிட் புந்தார் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். எல்லாரும் தோட்டத்து ஆட்கள், நம்ம ஆட்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி," என்றார். வாளியோடு ஓடினேன். சிப்பாய் வாளியை எட்டி உதைத்தான். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கு அப்பாலிருந்து ரயில் கூவுவது கேட்டது. அந்தக் கயிற்றில் எந்த இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருப்பார் என்று என் மனசு எண்ணிப் பார்த்தது. நான் அதை நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை.

ஏழாம் நாள். காலை போயிற்று, மத்தியானம் போயிற்று. தைச்சோ இரண்டு தடவை சமையல்கட்டு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். வெளிச்சம் மஞ்சளானபோது, மண்வெட்டிக் காம்பு செருகிய சக்கரத்தின் கடக் முடக் சத்தம் கேட்டது. சடையன் அண்ணன். பக்கத்தில், ஓலைப்பாயை மடியில் வைத்துக்கொண்டு பாத்திமா. வேறு யாரும் இல்லை.

குண்டுகளை மாட்டினேன். பெண்டுலத்தைத் தொங்கவிட்டேன். சாவி கொடுத்தேன். தைச்சோவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து டோக்கியோ நேரத்துக்கு முள்ளை வைத்தேன். நிலாவுக்கு நாள் தெரியவில்லை. ஹைலாம்காரரைக் கேட்டேன். அவர் சீனக் கணக்கில் பிறை நாளை விரல் மடக்கி எண்ணி, "இன்றைக்குப் பதினொன்று," என்றார். பதினொன்றில் வைத்தேன். வேண்டுமென்றே தப்பாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான் சொன்ன சொல்லில் ஒரு பல் அளவுகூடக் குறை இருக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு. பெண்டுலத்தை ஒரு தட்டு தட்டினேன். டக், டக் என்று ஓட ஆரம்பித்தது. எட்டு நாளுக்கு ஒரு தடவை எப்படிச் சாவி கொடுப்பது என்று சாமுவேல் சாருக்குக் காட்டினேன்.

அப்போதுதான் தைச்சோ வாசலைப் பார்த்தார். "அந்த ஆள் எங்கே?"

நான் வாய் திறப்பதற்குள் பாத்திமா முன்னால் வந்தாள். "கடிகாரம் கேட்டீர்கள், கடிகாரம் வந்துவிட்டது. ஆளை விடுவதாகச் சொன்னீர்கள், விட்டுவிட்டீர்கள். இன்னும் என்ன?"

சாமுவேல் சார் அதை மொழிபெயர்த்தார். நீளமாகச் சொன்னார். அவள் சொன்னதைவிட நீளம். தைச்சோ இடுப்பு வாளில் கை வைத்தபடி நின்றார். நான் குனியவில்லை. குனிந்தால் இனி நிமிர முடியாது என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் மணி அடிக்க ஆரம்பித்தது. அவர் அதன் பக்கம் தலையைத் திருப்பினார். கடைசி அடி ஓயும் வரை அப்படியே நின்றார். அப்புறம் எங்கள் பக்கம் பார்க்காமலே ஒரு வார்த்தை சொன்னார்.

"போகச் சொல்றார்," என்றார் சாமுவேல் சார். "நிக்காதீங்க. போங்க."

தைச்சோ சொன்னது அதுதானா, இல்லை சார் தானாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியில் ஏறினோம். ஊர் எல்லை தாண்டியதும் பாத்திமா வாந்தி எடுத்தாள். அவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் அப்படிப் பேசியிருக்கிறாள்.

மாரிமுத்துவை அவளுடைய சொந்த அண்ணன் இருக்கும் கம்பத்தில் மறைத்து வைத்திருந்தார்கள். மீன் பிடித்து, விறகு வெட்டி, மலாய்க்காரர் மாதிரியே கைலி கட்டி அங்கேயே இருந்தார். கொஞ்ச நாளில் கெடாவையே ஜப்பான்காரன் சயாம்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறமும் அவர் வெளியே வரவில்லை. ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் லயத்துக்கு வந்தார்.

சில மாதங்களில் துரையும் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். வந்த மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு அவரே வந்து நின்றார். பெரட்டு என்றால் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது. சண்டைக்கு முந்தின பேரேட்டைக் கிராணி விரித்து ஒவ்வொரு பேராகப் படித்தார்.

"கோவிந்தன்."

கொஞ்சம் பொறுத்து, அவன் தங்கை சொன்னாள்: "சயாம்."

"ஆறுமுகம்."

"சயாம்."

"சின்னப்பன்."

"சயாம்."

"மாரிமுத்து."

"இருக்கேன் ஐயா!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

துரை கையை உயர்த்திக் கிராணியை நிறுத்தினார். அவர் கண் என்மேல் இருந்தது. அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "அஞ்சலை. கிராணி எல்லாம் சொன்னார். அது என் தாத்தாவின் தாத்தா வாங்கியது. யாரைக் கேட்டு எடுத்துப் போனாய்?"

"கேக்குறதுக்கு நீங்க இல்லையே துரை. கார்ல ஆளுக்கு எடம் பத்தலைன்னீங்க. நாயை ஏத்திக்கிட்டீங்க, நான் பாத்தேன்."

கிராணி முகத்தில் ரத்தம் இல்லை. யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் முந்தானையை உதறிக்கொண்டேன்.

"கடிகாரத்தக் குடுத்துத்தான் இவரை வாங்கினேன். இந்தா நிக்கிறாரு. இன்னொரு கடிகாரம் இருந்திருந்தா கோவிந்தனையும் வாங்கியிருப்பேன்."

துரை மாரிமுத்துவைப் பார்த்தார். அப்புறம் வரிசையில் ஆள் இல்லாத இடங்களைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கையைக் கீழே போட்டார்.

கிராணி அடுத்த பேரைப் படித்தார்.

"சயாம்," என்றது ஒரு கிழவியின் குரல்.